4 ஜிபி ராமோட திணறுற டெஸ்க்டொப்: ஆலோசனை வேணும்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். புதுக்குடியிருப்புப் பக்கம் எங்கட சனசமூக நிலையத்தில பழைய டெஸ்க்டொப் ஒண்டு இருக்கு. இன்ரெல் ஐ3 நாலாம் தலைமுறை, எச்81 மதர்போர்ட், 4 ஜிபி ராம் (திறந்திருக்கிற வேலையளைத் தற்காலிகமா வச்சிருக்கிற மெமரி), சாதாரண ஹார்ட் டிஸ்க், 64 பிட் விண்டோஸ் 10.

ஏ.எல். பிள்ளையள் சூம் வகுப்போட ஒரு பிடிஎஃப்பையும் திறந்தா அப்பிடியே இறுகிப்போகுது. டாஸ்க் மனேஜரில மெமரி 90 வீதத்துக்கு மேல. ராம் நிரம்பினதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில எழுதுறதால அதுவும் 100இல நிக்குது. பாடம் நடுவில அறுபடேக்க அதுகளின்ர முகத்தைப் பார்க்கேலாது.

போர்டில ராம் செருகிற ரெண்டு சிலொட்டில ஒண்டு வெறும். 16 ஜிபி வரை ஏற்கும். டிடிஆர்3 எண்ட ராம் வகைதான் பொருந்தும்; புது வகை டிடிஆர்4க்கு அடியில இருக்கிற வெட்டு வேற இடத்தில, லாப்டொப் ராம் நீளத்தில கட்டை.

இன்னொரு 4 ஜிபி போட்டு டூயல் சனல் (ரெண்டு ராமும் ஒரே நேரத்தில சேர்ந்து வேலை செய்யிறது) ஆக்கிறதோ, 8 ஜிபி ஒண்டு வாங்கிறதோ நல்லம்? இல்லாட்டி முதல்ல ஹார்ட் டிஸ்குக்குப் பதிலா அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடச் சொல்லுவியளோ? என்ர மனம் ராம் பக்கம்தான்.

கிளிநொச்சியிலயோ வவுனியாவிலயோ பாவிச்ச டிடிஆர்3ஐச் சோதிச்சு வாங்கக்கூடிய கடை தெரிஞ்சா சொல்லுங்கோ. ஆரிட்டயும் கழட்டி வச்சது கிடந்தா விலையைப் போடுங்கோ, வந்து எடுக்கிறன்.