பில் பாக்கி வைத்த கம்பெனி திவால் வழக்கில் போய்விட்டது: என்ன செய்வது?

கேள்வி: அட்டைப்பெட்டி சப்ளை செய்கிறோம். 18 லட்சம் ரூபாய் பாக்கி வைத்திருக்கும் கம்பெனி மீது வங்கி போட்ட மனுவை என்.சி.எல்.டி. (தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம்) ஏற்றுக்கொண்டுவிட்டது. அவர்கள் கொடுத்த செக் ஒன்றும் திரும்பிவிட்டது. இப்போதும் ஆர்டர் கேட்கிறார்கள். அனுப்பலாமா? பழைய பாக்கிக்கு என்ன வழி?

பதில் 1: முதல் வேலை, கிளெய்ம் போடுவது, அதாவது உங்கள் பாக்கியைக் கோரிப் படிவம் கொடுப்பது. உங்கள் கணக்குப் புத்தகத்தில் பாக்கி இருப்பது மட்டும் போதாது. திவால் வழக்கில் கம்பெனியை நடத்த நியமிக்கப்பட்ட இடைக்காலத் தீர்வாளர், அதாவது ஐ.ஆர்.பி., பத்திரிகையில் கொடுத்த பொது அறிவிப்பில் கடைசித் தேதி இருக்கும். அவர் நியமனமான நாளிலிருந்து 14 நாள். சரக்கு சப்ளை செய்தவருக்குப் படிவம் பி. பில், டெலிவரி சலான், ஆர்டர், ஈ-வே பில், ஜி.எஸ்.டி.ஆர்-1 (விற்பனை ரிட்டர்ன்) பக்கங்கள், லெட்ஜர் எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். மனு ஏற்கப்பட்ட தேதி வரைக்கும்தான் தொகை. வட்டி கேட்டால் அதற்கு ஒப்பந்தமோ சட்ட ஆதாரமோ காட்ட வேண்டும்.

தேதி தவறிவிட்டால், தாமதத்துக்குக் காரணம் எழுதி, மனு ஏற்கப்பட்ட நாளிலிருந்து 90 நாள் வரை, அல்லது தீர்வுத் திட்டம் (கம்பெனியை எடுத்து நடத்தி யாருக்கு எவ்வளவு தருவது என்ற திட்டம்) கேட்டு ஆவணம் வெளியிடும் நாள் வரை, எது பிந்தியதோ அதுவரை போடலாம். பிறகு கடன்தாரர் பட்டியலில் "கோரிய தொகை", "ஏற்ற தொகை" இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குறைத்திருந்தால் உடனே எழுத்தில் காரணம் கேளுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் திவால் சட்டத்தின் 60(5) பிரிவில் என்.சி.எல்.டி.யில் மனு.

பதில் 2: புது ஆர்டரைப் பொறுத்தவரை, ஐ.ஆர்.பி. ஒப்புதலோடு எழுத்தில் ஆர்டர் வந்தால் மட்டும் அனுப்புங்கள். மனு ஏற்கப்பட்ட பிறகு கம்பெனியை ஓட்ட அனுப்பும் சரக்கின் பில் வழக்குச் செலவில் (திவால் நடைமுறைக் காலத்தில் கம்பெனியை நடத்தும் செலவில்) சேரும்; அதற்குத்தான் முன்னுரிமை.

பலர் சறுக்கும் இடம் லெட்ஜர். ஒரே கணக்கில் ஓட்டினால், புதுச் சரக்குக்கு வந்த பணத்தை வழக்கம்போலப் பழைய பில்லில் வரவு வைத்துவிடுவார்கள். உடனே பழைய பாக்கி குறைந்து, கிளெய்ம் தொகையோடு இடிக்கும். புது பில் பாக்கியாக நிற்கும். ஆகவே மனு ஏற்கப்பட்ட தேதியோடு கணக்கைப் பிரித்துத் தனி லெட்ஜர் திறந்துவிடுங்கள்.

செக் விஷயம்: கம்பெனி மீதான வழக்குகளுக்குத் திவால் சட்டத்தின் 14-வது பிரிவு போடும் தடை இருக்கும்வரை, கம்பெனி மீது 138 வழக்கு (செக் திரும்பியதற்கான குற்ற வழக்கு) நடக்காது. கையெழுத்திட்ட இயக்குநர் மீது நடத்தலாம் என்று 2021-ல் மோகன்ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் தடை வந்த பிறகுதான் செக் பணம் கேட்டு நோட்டீஸே போனது என்றால் நிலைமை வேறு: அப்போது கம்பெனிப் பணம் இயக்குநர் கையில் இல்லை என்பதால் 2025-ல் அப்படியொரு வழக்கை ரத்து செய்தார்கள். நோட்டீஸ் தேதியை வக்கீலிடம் முதலில் காட்டுங்கள்.

கேட்டவர்: முழுப் பணமும் வருமா? எங்களுக்கு ஓட்டு உண்டா?

பதில் 1: ஓட்டு இல்லை சார். வங்கி போன்ற நிதிக் கடன்தாரர்களின் குழுவில் 66 சதவீத ஓட்டு கிடைத்தால் திட்டம் தேறிவிடும். உங்களுக்கான காப்பு 30(2) பிரிவு: கம்பெனியை விற்றுக் கலைத்தால் என்ன கிடைக்குமோ, அதற்குக் குறையாமல் தர வேண்டும். சிக்கலும் அங்கேதான். கலைப்பில் வழக்குச் செலவு, தொழிலாளர் சம்பளம், அடமானக் கடன், அரசு பாக்கி எல்லாம் போய்த்தான் உங்கள் வரிசை. அந்தக் கணக்கில் பூஜ்யம் வந்தால், திட்டத்திலும் பூஜ்யம் போடச் சட்டம் தடுக்காது.

திட்டத்துக்கு என்.சி.எல்.டி. ஒப்புதல் கிடைத்துவிட்டால் 31-வது பிரிவின்படி எல்லோரையும் கட்டுப்படுத்தும். அதில் இல்லாத பாக்கி அத்தோடு அழிந்துவிடும். முதலாளி உங்களுக்குத் தனிப்பட்ட ஜாமீன் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் அது தனியாக நிற்கும். கோப்பில் அப்படி ஏதாவது தாள் இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள்.