தட்டொட்டு: தாளத்தில் காட்சி மாறும் இடத்துக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

வீடியோவில் காட்சி மாறும் இடம் பாட்டின் தாளத்தில் விழுவதைத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் நான் கேட்ட கேள்விக்கு இத்தனை பேர் பதில் எழுதியதில் ரொம்ப சந்தோஷம். எல்லா மடலையும் அச்செடுத்து வடசென்னை வியாசர்பாடியில் நாங்கள் மாலைநேரத்தில் நடத்தும் பயிலகத்துக்கு எடுத்துப்போனேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தோம். அங்கே என்ன நடந்தது என்று எழுதுகிறேன். என் முன்மொழிவும் இதிலேயே இருக்கிறது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேர் ஒரு பாட்டுக்கு வீடியோ எடுக்கப் போகிறார்கள். பாட்டு அவர்களே கட்டிய கானா. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிவிட்டால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காத்து நிற்கிறார்களே, அவர்களைப் பற்றியது. கேமராவைத் தூக்குவதற்கு முன்னால் நாலைந்து மியூசிக் வீடியோக்களைப் பிரித்துப் பார்க்கட்டும் என்று ஒரு தாள் தயாரித்தேன். ஐந்து கட்டம். நேரம், கண்ணுக்கு என்ன தெரிகிறது, கேமரா எங்கே நிற்கிறது, அப்போது பாட்டில் என்ன வரி ஓடுகிறது. இந்த நான்குக்கும் தலைப்பு எழுதிவிட்டேன். ஐந்தாவது கட்டம், ஒரு காட்சி முடிந்து அடுத்தது வரும் இடம் தாளத்தின் எந்த இடத்தில் விழுகிறது என்பதற்கு. அங்கே பேனா நின்றுவிட்டது. உங்களுக்கு எழுதினேன்.

நான்காவது கட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு வழி காட்டியது அதுதான். பாட்டின் வரிக்கும் படத்துக்கும் உள்ள உறவை, மியூசிக் வீடியோக்களை ஆராய்ந்த ஆண்ட்ரூ குட்வின் 1992இல் மூன்றாகப் பிரித்தார். வரி சொல்வதையே படம் காட்டலாம்; வரியில் இல்லாத ஒன்றைச் சேர்த்துப் பொருளைப் பெருக்கலாம்; வரிக்குச் சம்பந்தமில்லாத பக்கம் போகலாம். இதற்கு நான் விளக்கநிலை, பெருக்கநிலை, முரண்நிலை என்று மூன்று சொல் எழுதி வைத்திருந்தேன். பிள்ளைகள் அதைப் படித்தார்கள், தலையாட்டினார்கள், அவ்வளவுதான். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அவர்களுக்குள் 'இது காட்டுது', 'இது கூட்டுது', 'இது விலகுது' என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். என் மூன்று சொல்லையும் அடித்துவிட்டு அவர்களுடையதை எழுதினேன். காட்டல், கூட்டல், விலகல். கூட்டல் கணக்கில் இருக்கிறதே என்று யாராவது கேட்பீர்கள். இருக்கட்டும், இரண்டுமே சேர்ப்பதுதானே.

முதலில் எடுத்துக்கொண்ட வீடியோ 2017இல் வந்த சென்னைப் புறம்போக்குப் பாடல். டி.எம். கிருஷ்ணா பாடியது, கபேர் வாசுகி எழுதியது. எங்கள் பக்கத்து எண்ணூரில் படமாக்கியது என்பதால் பிள்ளைகளே அதைக் கேட்டார்கள். முதல் தடவை தாள் காலியாகவே இருந்தது, இது எந்த இடம், அந்தப் புகைபோக்கி எது என்று அடையாளம் சொல்வதிலேயே நேரம் போய்விட்டது. இரண்டாம் தடவைதான் எழுத ஆரம்பித்தார்கள். சரி, சொல்லுக்கு வருகிறேன்.

> 'பீட் கட்' என்றே விட்டுவிடலாமே. பிள்ளைகள் அதைத்தானே சொல்கிறார்கள்?

கோவை நண்பர் எழுதியது. பீட் என்றால் தாளத்தின் தட்டு, கட் என்றால் காட்சி மாறும் இடம். சரியான கேள்வி. அவர்கள் சொல்வது அதுதான். சொல்லக்கூடாது என்று நான் தடுக்கப் போவதும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். 'இந்த இடம் ஏன் சரியில்லை, எழுது' என்றால் 'பீட் கட் சரியில்லை' என்று எழுதிவிட்டு நிற்கிறார்கள். அதற்கு மேல் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் நகரவில்லை. எனக்கு வேண்டியது கட்டத்தின் மேலே எழுத ஒரு பெயர் மட்டும் இல்லை. சண்டை போட உதவுகிற சொல் வேண்டும்.

அடுத்தது, பலரும் ஆதரித்த 'தாளவெட்டு'. எனக்கும் முதலில் பிடித்தது. இரண்டு தடங்கல் வந்தது. ஒன்று, தமிழ் சினிமாப் பேச்சில் வெட்டு என்றால் தணிக்கை. 'படத்துக்கு எத்தனை வெட்டு' என்று கேட்டால் எத்தனை இடத்தை நீக்கினார்கள் என்றுதான் பொருள். நாம் சொல்ல வருவதோ எதையும் நீக்குவதில்லை, ஒன்றை அடுத்து ஒன்றை வைப்பது. இரண்டாவது தடங்கலைச் சொன்னது படத்தொகுப்புச் செய்யும் பெண். "அக்கா, நம்ம ஏரியான்னாலே எல்லாரும் வெட்டு குத்துன்னுதான் படம் எடுக்கிறாங்க. நம்ம தாள்லயும் வெட்டுன்னே எழுதணுமா?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்த பதினாறு வயதுப் பெண், தன் வேலைக்கான முதல் சொல்லாக அதை எழுத வேண்டாம் என்கிறாள். இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

> சமம், அதீதம், அனாகதம் என்று நம் இசையிலேயே இருக்கிறதே. சமவெட்டு, அதீதவெட்டு, அனாகதவெட்டு எனலாம்.

இதை எழுதியவர் மிருதங்கம் வாசிப்பவர். இந்த மடலைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்டலாம்போல இருந்தது. தாளமும் பாட்டும் ஒன்றாகத் தொடங்கினால் சமம், பாட்டு முந்தினால் அதீதம், தாளம் தொடங்கிய பிறகு பாட்டு வந்தால் அனாகதம். தாளத்தோடு சேர்வது, முந்துவது, பிந்துவது என்ற மூன்று நிலையும் நமக்குத் தேவைதான். அந்த மூவகைப் பிரிவை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சொற்கள்தான் நிற்கவில்லை. 'சமவெட்டு' என்று எழுதிக்கொடுத்தேன். ஒரு பையன் மூன்று நிமிடப் பாட்டைப் பத்துப் பத்து நொடியாகப் பதினெட்டுத் துண்டு போட்டு, "சமமா வெட்டிட்டேன்கா" என்று கொண்டுவந்தான். அவன்மேல் தப்பே இல்லை. சமம் என்றால் அவனுக்கு ஒரே அளவு.

நான் யோசித்தது 'தட்டுமாற்று'. தாளம் தட்டுகிற தட்டு, காட்சி மாறுகிற மாற்று. 'தட்டுல மாத்து' என்று ஏவலாகவும் வரும். இரண்டு நாள் இதிலேயே மயங்கிக் கிடந்தேன். பயிலகத்தில் சொன்னவுடன் பெண்பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "யாருக்குக்கா நிச்சயதார்த்தம்?" தட்டு மாற்றுவது என்றால் வெற்றிலை, பாக்கு, பூ, பழம் வைத்து இரண்டு வீட்டார் மாற்றிக்கொள்வதுதான். அவ்வளவு ஆழமாக ஊன்றிய பொருளை ஒரு கலைச்சொல்லால் அசைக்க முடியாது. விட்டுவிட்டேன். ஆனால் தட்டு என்ற பாதி மட்டும் கையில் தங்கியது.

இனி ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது.

ஒத்திகைக்காகப் பிள்ளைகள் கேட் அருகே ரோட்டோரம் நின்று போனில் கொஞ்சம் எடுத்திருந்தார்கள். இரண்டு காட்சி. ஒன்றில் கேட் கம்பம் இறங்கி நிற்கிறது. அடுத்ததில் ஒரு பெரியவர் சைக்கிளில் வந்து நின்று, ரப்பர் செருப்புப் போட்ட இடது காலைத் தரையில் ஊன்றுகிறார். இரண்டையும் பாட்டின் முதல் அடியில் சேர்க்க வேண்டும். பாட்டு கிட்டத்தட்ட நிமிடத்துக்கு 100 தட்டு. போன் வீடியோ நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 தனிப்படம். அப்படியானால் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே 18 ஃபிரேம். கணக்குப்படி குறி வைத்தார்கள். நாலாவது ஐந்தாவது தட்டிலேயே குறி தள்ளிப்போனது. டோலக்கைக் கையால் வாசித்துப் பதிந்த பாட்டு, யந்திரம்போல ஒரே சீராகவா ஓடும்? போதாததற்குப் போன் வீடியோவும் சரியாக 30இல் நிற்காமல் ஏறி இறங்கும். கணக்கை விட்டுவிட்டு, பாட்டை ஓடவிட்டு, டோலக் வாசித்த பையனே ஒவ்வொரு தட்டுக்கும் விரலால் குறி வைத்தான்.

அப்புறம் கம்பம் முடிந்து கால் வரும் இடத்தைச் சரியாகக் குறியின்மேல் வைத்தார்கள். ஓட்டிப் பார்த்தோம். அந்தப் பையன் உடனே தலையை ஆட்டினான். "ஒட்டலக்கா."

குறி சரியாகத்தானே இருக்கிறது என்று நான் சொன்னேன். "இருக்குது. ஆனா ஒட்டல. கால் லேட்டா வருது." ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தோம். காட்சி மாறுவது தட்டில்தான் இருந்தது. ஆனால் அந்தக் காட்சி தொடங்கும்போது பெரியவரின் கால் இன்னும் காற்றில் இருக்கிறது, தரையைத் தொட ஏழு ஃபிரேம் ஆகிறது. காது தட்டைக் கேட்டுவிட்டது, கண்ணுக்கு அந்தத் தட்டு வந்து சேரவில்லை. காட்சி மாறும் இடத்தை ஏழு ஃபிரேம் முன்னால் தள்ளினார்கள். இப்போது செருப்பு தரையில் பட்டதும் டோலக்கில் அடி விழுந்தது. "இப்ப ஒட்டுது!" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. படம் சேர்ந்ததற்காக மட்டும் இல்லை, சொல்லும் அங்கேயே கிடைத்துவிட்டது.

ஒட்டு. படம் பாட்டோட ஒட்டல, டப்பிங் வாயோட ஒட்டல என்று நாம் எல்லோரும் எத்தனை வருடமாகச் சொல்கிறோம். ஃபிலிம் காலத்தில் மேசையில் நடந்த வேலையும் அதுதான், துண்டு துண்டாக எடுத்து டேப் போட்டு ஒட்டினார்கள். வெட்டு என்ற சொல் கத்தரியைப் பார்க்கச் சொல்கிறது. ஒட்டு என்ற சொல் காதும் கண்ணும் சேர்கிற இடத்தைப் பார்க்கச் சொல்கிறது. கால் விஷயத்தில் கத்தரி விழுந்த இடம் தட்டில் இருந்தும் தப்பாகப் போனதே, அதை 'தாளவெட்டு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு விளக்கவே முடியாது.

ஆகவே என் முன்மொழிவு இது.

தட்டில் காட்சி மாறினால் தட்டொட்டு. தட்டுக்கு முன்பே காட்சி மாறி, உள்ளே நடக்கும் அசைவு தட்டில் விழுந்தால் முன்னொட்டு. தட்டு விழுந்து, கேட்டு முடித்த பிறகு காட்சி மாறினால் பின்னொட்டு. வினையாக வேண்டும் என்றால் 'தட்டோடு ஒட்டு', 'முன்னால ஒட்டு', 'பின்னால ஒட்டு'. எதுவும் செயற்கையாக இல்லை, எடிட் அறையில் கத்திச் சொல்லலாம்.

வரப்போகும் ஆட்சேபங்களை யோசித்தேன். முன்னொட்டும் பின்னொட்டும் இலக்கணத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. இருந்தாலும் ஒரு சொல்லுக்கு முன்னால் ஒட்டுவதும் ஒரு தட்டுக்கு முன்னால் ஒட்டுவதும் ஒரே எண்ணம்தான். தமிழ் வகுப்பில் கற்றது இங்கே குறுக்கே நிற்காது, துணைக்கு வரும் என்றே நினைக்கிறேன்.

மிருதங்க நண்பர் இன்னொன்றும் கேட்பார். ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தில், அதாவது எட்டு எண்ணிக்கையில், தட்டு மூன்றுதான். மீதி இரண்டு வீச்சு, மூன்று விரல் எண்ணிக்கை. விரல் எண்ணும் இடத்தில் காட்சி மாறினால் அதையும் தட்டொட்டு என்பதா? கச்சேரி இலக்கணப்படி அவர் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் பொதுப்பேச்சில் தாளம் தட்டுகிறோம், மேசையில் தட்டுகிறோம், ஒவ்வொன்றும் தட்டுதான். 'அடி' என்று வைக்கலாமா என்றும் பார்த்தேன். பறையில் தாளக்கட்டு முழுவதற்குமே அடி என்று பெயர் உண்டு, செய்யுளிலும் அடி உண்டு. அடியொட்டு என்றால் வரியோடு ஒட்டுவது ஆகிவிடும். அதனால் தட்டிலேயே நிற்கிறேன்.

எழுத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்கவில்லை. ஒன்பதில் இரண்டு தாளில் 'தட்டோட்டு' என்று நெடிலாக எழுதியிருந்தார்கள். ஒட்டும் ஓட்டும் கைப்பிழையில் மாறும். கட்டத்தின் தலைப்பில் 'தட்டு + ஒட்டு' என்று பிரித்து அச்சிட்டால் போதும் என்று தோன்றுகிறது.

இன்னொரு கவலை சொல்லைப் பற்றியது இல்லை, அதைச் சொல்லிக்கொடுக்கும் விதத்தைப் பற்றியது. பெயர் கிடைத்தவுடன் பிள்ளைகள் எல்லா இடத்திலும் தட்டொட்டே வைக்கப் பார்க்கிறார்கள். மூன்று நிமிடத்துக்கு 300 தட்டு வருகிறது. அதில் பாதிக்கு ஒட்டினாலே பார்ப்பவருக்குத் தலை சுற்றும். ஹாலிவுட் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் ஒரு காட்சியை எங்கே முடிப்பது என்று தீர்மானிக்க ஆறு காரணங்களுக்கு மதிப்பெண் போட்டார். உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு வெறும் 10. அவர் சொன்னது கதைப்படத்துக்கு, மியூசிக் வீடியோவில் தாளத்தின் பங்கு கூடத்தான் வேண்டும். ஆனாலும் அந்தக் கணக்கைச் சுவரில் எழுதிப் போட்டேன். 'கேட்டு தெறக்கல' என்ற வரியில் ஒரு அம்மாவின் முகத்தை எட்டுத் தட்டு முழுக்க மாற்றாமல் வைக்கலாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். அங்கே ஐந்தாவது கட்டத்தில் கோடு போட்டுவிட்டார்கள்.

இந்தச் சனிக்கிழமை தாளை மறுபடி அச்சடிக்க வேண்டும். வெள்ளி இரவுக்குள் யாருக்காவது பலமான மறுப்பு இருந்தால் எழுதுங்கள், முக்கியமாக இலங்கை நண்பர்கள். 'ஒட்டல' என்று உங்கள் பேச்சிலும் சொல்வீர்களா, வேறு சொல் இருக்கிறதா? இருந்தால் அதையும் பயிலகத்துக்கு எடுத்துப்போய்ச் சொல்லிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து