அம்பாசடர் பிளக்கைச் சுற்றி எண்ணெய்க் கசிவு: நீங்கள் எப்படிச் சரிசெய்தீர்கள்?

அம்பாசடர் மார்க் 3, 1978 மாடல் (கோவை)

பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைச் சுற்றி எண்ணெய் தேங்கினால் உடனே ஹெட்டை, அதாவது என்ஜினின் மேல்பாகத்தை, கழற்றச் சொல்லும் பட்டறைகள் இருக்கின்றன. தயவுசெய்து அவசரப்படாதீர்கள். என் வண்டியில் மூன்றாவது, நான்காவது பிளக்குகளின் அடியில் கருப்பாக எண்ணெய் படிந்துகொண்டே இருந்தது. மழைக்காலத்தில் ஒரு சிலிண்டர் அடிக்காமல் வண்டி குலுங்கும். பிளக் கேப்பின் ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிப்போய், மின்சாரம் பிளக்கின் உள்ளே போவதற்குப் பதிலாகப் பீங்கானின் வெளிப்புறமாகவே ஓடி ஹெட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. பீங்கானில் பென்சிலால் கிழித்ததுபோல ஒரு கருங்கோடு தெரிந்தால் அதுதான் அடையாளம்.

அம்பாசடரின் 1489 சிசி என்ஜின் பிரிட்டனின் பிஎம்சி நிறுவனத்தின் பி சீரிஸ் வடிவமைப்பு. பிளக்குகள் நான்கும் ஓட்டுநர் பக்கம், ஹெட்டின் பக்கவாட்டில் இருக்கின்றன. அவற்றுக்கு நேர் மேலே டேப்பட் கவர், அதாவது ஹெட்டின் மேல் வால்வுப் பகுதியை மூடும் தகடு. அந்தக் கவருக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள கார்க் பேக்கிங் இந்தப் பக்கம் விட்டுக்கொடுத்தால் எண்ணெய்க்கு இறங்க வேறு வழியே இல்லை, பிளக்கின் மேல்தான் வந்து விழும். ஆகவே முதலில் பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். முனை உலர்ந்து பழுப்பாக இருந்தால் எண்ணெய் வெளியிலிருந்து வருகிறது. முனையே ஈரமாகக் கருத்திருந்தால் அது பிஸ்டன் ரிங் அல்லது வால்வு கைடு (வால்வின் தண்டு ஓடும் குழல்) தேய்ந்த கதை. இரண்டையும் குழப்பிக்கொண்டு பணத்தைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர். கழற்றுவதற்கு முன் ஒயர்களில் எண் குறித்துவிடுங்கள், தீப்பொறி வரிசை 1-3-4-2.

நான் மண்ணெண்ணெயால் என்ஜினின் அந்தப் பக்கத்தை முழுவதும் கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிவிட்டு வண்டியை ஓட்டினேன். திரும்பி வந்து பார்த்தபோது வெள்ளைப் பவுடரில் எண்ணெய் வடிந்த தடம் அப்படியே பதிந்திருந்தது. மேலே கவரின் பின் மூலையிலிருந்து தொடங்கியது அது.

கவரைக் கழற்றிக் கண்ணாடிப் பலகையின்மேல் வைத்தேன். இரு முனைகளும் தூக்கிக்கொண்டு ஆடியது. இந்தக் கவரைப் பிடித்திருப்பது இரண்டே இரண்டு நட்டுகள், இரண்டும் நடுக்கோட்டில். கசிகிறது என்று ஒவ்வொரு முறையும் இறுக்கினால் தகடு நடுவில் அமுங்கும், ஓரம் மேலே எழும்பும். இறுக்க இறுக்க அதிகம் கசிவதற்கு இதுவே காரணம். இந்த நட்டுகளை இறுக்க 4 அடி-பவுண்டு முறுக்கு விசை போதும். சிறிய ஸ்பானரைக் கையில் குட்டையாகப் பிடித்துத் திருப்பினாலே அது வந்துவிடும்.

மரக்கட்டையில் வைத்து விளிம்பை மெதுவாகத் தட்டி நிமிர்த்தினேன். புதிய கார்க்கைக் கவரில் மட்டும் ஒட்டி, கண்ணாடியின்மேல் கவிழ்த்துப் பாரம் ஏற்றி ஓர் இரவு விட்டேன். ஹெட் பக்கம் எந்தப் பசையும் இல்லை. அடுத்த முறை வால்வு இடைவெளி பார்க்கக் கழற்றும்போது கார்க் கிழியக்கூடாது அல்லவா? நட்டுகளின் அடியில் உள்ள ரப்பர் புஷ்ஷுகளும் கல்லாக இறுகியிருந்தன. அவை வழியே கசியும் எண்ணெய் கவரின் மேல் ஓடி ஓரத்தில் இறங்கும், பேக்கிங்கின்மேல் பழி விழும். அவற்றையும் மாற்றினேன். சென்னையில் இருப்பவர்களுக்கு ஜி.பி. ரோட்டில் இவையெல்லாம் கிடைக்கும்.

ஏ40 உரிமையாளர் (யாழ்ப்பாணம்)

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்பா காலத்து ஒஸ்ரின் (ஆஸ்டின்) ஏ40 கார் இருக்கிறது. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் கிடைக்கவில்லை, மண்ணெண்ணெயில்தான் ஓடியது. துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஒயில் குறைய வேண்டியதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டு போகும். அப்படித் தண்ணீராக நீர்த்த ஒயில் எந்தக் கார்க்கிலும் நிற்காது. பிளக் குழிகள் எப்போதும் ஈரமாகவே இருந்தன.

தடை நீங்கியபின் நல்ல பெற்றோலும் புதிய ஒயிலும் ஊற்றினோம், புதிய பேக்கிங்கும் போட்டோம். ஆனாலும் கசிவு நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால் என்ஜின் மூச்சுவிடும் குழாய் தார்போன்ற கசடால் அடைபட்டிருந்தது. பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு வெளியேற வழியில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் எந்தப் பேக்கிங் பலவீனமோ அதன் வழியே எண்ணெயைத் தள்ளும். குழாயைச் சுத்தம் செய்தோம், அதே பேக்கிங்கில் கசிவு நின்றது. பேக்கிங்கைத் தொடுவதற்கு முன் இந்தக் குழாயைப் பாருங்கள் என்பதை எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பேன். என்ஜின் ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்தால் குப்குப்பென்று புகை வருகிறதா என்று பார்ப்பதும் நல்லது. வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது, கார்க் என்ன செய்யும்?

ஜாகுவார் மார்க் 2 (பர்மிங்ஹாம்)

எங்கள் வண்டியில் சிக்கல் வேறு விதம். கவென்ட்ரியில் செய்த இந்த 3.4 லிட்டர் எக்ஸ்கே என்ஜினில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுகள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் மெருகிட்ட அலுமினியக் கவர். ஆறு பிளக்குகளும் நடுப் பள்ளத்தில் இருக்கின்றன. இரு பக்கத்திலிருந்தும் கசியும் எண்ணெய் அங்கேதான் தேங்கும், பக்கவாட்டில் வழிந்தோட இடமில்லை. பள்ளத்தில் எண்ணெய் நிற்கும்போது பிளக்கைக் கழற்றினால் அத்தனையும் மணலும் தூசியுமாகச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். முதலில் ஊசி இல்லாத சிரிஞ்சில் ரப்பர் குழாய் மாட்டி உறிஞ்சி எடுங்கள். அடுத்துத் துணியால் ஒற்றி, காற்றடித்து, அதன்பிறகே பிளக்.

கவரைப் பிடிக்கும் குமிழ் நட்டுகளின் அடியில் செப்பு வாஷர்கள் உண்டு. பழைய வாஷர் அமுங்கி இறுகிப்போயிருக்கும், அதன் வழியே எண்ணெய் ஏறி வரும். புதியது கிடைக்காவிட்டால் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மீண்டும் மென்மையாகும். அலுமினியக் கவர் என்பதால் ஒரு பக்கமாக இறுக்காமல் நடுவிலிருந்து இரு முனைகளுக்கும் சிறிது சிறிதாகப் போக வேண்டும்.

பத்மினி கார் வைத்திருப்பவர் (சேலம்)

அண்ணா, கார்க்குக்குப் பதில் சிலிக்கான் பசையை மட்டும் தடவினால் போதும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?

அம்பாசடர் மார்க் 3 (கோவை)

வேண்டாம் தம்பி. வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும், அதைத் துடைத்துவிடலாம். உள்ளே பிதுங்குவது காய்ந்து பிய்ந்து எண்ணெயோடு கீழே போய் ஆயில் பம்ப்பின் வலையை அடைக்கும். அப்புறம் எண்ணெய் போய்ச் சேராமல் பேரிங் தேயும்; கசிவுக்குப் பயந்து பேரிங்கை இழக்காதே. கார்க்கையே போடு. நிறையப் பசை பூசியிருந்த ஒரு கவரைச் சுரண்டி எடுக்க நான் பட்ட பாடு தனிக் கதை.

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன மூச்சுக்குழாய் விஷயத்தை நானும் என் வண்டியில் பார்த்தேன். பாதி அடைப்பு இருந்தது, சுத்தம் செய்துவிட்டேன். கசிவை நிறுத்தியபிறகு பழைய பிளக் கேப்புகளையும் ஒயர்களையும் அப்படியே மாட்டாதீர்கள், எண்ணெய் ஊறிய ரப்பர் மீளாது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்து என்ஜினை ஓட விடுங்கள். ஒயரில் எங்காவது நீலப்பொறி பறந்தால் அந்த ஒயரை மாற்றிவிடுங்கள்.