குழந்தை நல ஆய்வில் புதியவர்கள் கைகோத்தபோது: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பச்சிளங்குழந்தைப் பிரிவு மருத்துவர்

ஆளுக்கொரு வார்டில் உட்கார்ந்துகொண்டு ஒரே கேள்வியைத் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு ஒரு மாநாட்டில்தான் உறைத்தது. என் போஸ்டர் பக்கத்தில் நின்றிருந்தேன். அடுத்த வரிசையில் வேறொரு மருத்துவமனையிலிருந்து வந்த ஒருவர், ஏறத்தாழ அதே தலைப்பு: குறைமாதக் குழந்தைகள் முழு அளவு பாலை எட்ட எத்தனை நாளாகிறது, எது தாமதப்படுத்துகிறது. அவரிடமும் கொஞ்சம் குழந்தைகள், என்னிடமும் கொஞ்சம் குழந்தைகள். இரண்டு போஸ்டரின் கடைசி வரியும் ஒன்றே: "இன்னும் பெரிய அளவில் ஆய்வு தேவை." அந்தப் பெரிய ஆய்வை யார்தான் செய்யப்போகிறார்கள் என்று அவர் கேட்டார். எங்கள் குழு அந்தக் கேள்வியில் பிறந்தது.

தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். பெரும்பாலும் மேற்படிப்பில் இருப்பவர்கள், இல்லையென்றால் அப்போதுதான் முடித்தவர்கள். குழுவுக்குப் பெயர் வைப்பது, பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேச எல்லோருக்கும் ஆசை. அதை ஒத்திவைத்தோம். எல்லா வார்டுக்கும் பொருந்துகிற ஒரே தரவுப் படிவம் தயாரிப்பது என்ற ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டோம். நாங்கள் எடுத்த நல்ல முடிவுகளில் அதுதான் முதலிடம் என்று இன்றும் சொல்வேன்.

அந்தப் படிவத்தில் "கர்ப்ப வாரம்" என்று ஒரு கட்டம். எல்லோரும் தினமும் எழுதுவதுதானே என்று கடந்து போகப் பார்த்தோம். ஒருவர் மட்டும் விடவில்லை: "உங்கள் வார்டில் இதை எதை வைத்து எழுதுகிறீர்கள்?" ஒரு இடத்தில் கடைசி மாதவிடாய்த் தேதி. இன்னொரு இடத்தில் முதல் மூன்று மாத ஸ்கேன். ஸ்கேனே எடுக்காமல் பிரசவத்துக்கு வரும் தாய்மார்கள் அதிகமுள்ள மருத்துவமனையில், பிறந்த குழந்தையின் தோல், காது, உள்ளங்கால் ரேகை, கைகால் வளையும் விதம் ஆகியவற்றைப் பார்த்து பேலர்டு மதிப்பெண் போடுகிறார்கள். இந்த முறைகளுக்குள் இரண்டு வாரம் வரை வித்தியாசம் வரலாம். 30 வாரக் குழந்தையும் 32 வாரக் குழந்தையும் பால் குடிப்பதில் ஒன்றாகிவிடுமா? கடைசியில் ஒரு கட்டம் இரண்டானது. வாரம் எத்தனை என்பது ஒன்று, எந்த முறையில் கணித்தது என்பது இன்னொன்று. அன்று மாலை முழுக்க அதற்கே போனது. ஆனால் அந்தப் பேச்சில்தான் ஒருவர் வார்டை இன்னொருவர் புரிந்துகொண்டோம். அதுவரை பெயர்களாக இருந்தவர்கள் அதற்குப் பிறகுதான் கூட்டாளிகள் ஆனார்கள்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். குறிப்பாக, ஆரம்பத்தில் எதைப் பேசித் தீர்த்தீர்கள் என்று அறிய ஆசை.

புள்ளியியல் பக்கம் இருப்பவர்

கட்டம் இரண்டானதைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. தரவெல்லாம் சேர்த்து முடித்த பிறகு என்னிடம் கொண்டுவருபவர்கள்தான் அதிகம். அந்த நேரத்தில் கர்ப்ப வாரம் எப்படிக் கணிக்கப்பட்டது என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

முன்கூட்டியே ஒத்துக்கொள்வதன் பலத்தைக் காட்ட நான் எப்போதும் எடுத்துச் சொல்வது, மிகக் குறைமாதக் குழந்தைகளுக்கான ஆக்சிஜன் ஆய்வுகளை. ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவை 85–89 சதவீதத்தில் வைப்பதா, 91–95 சதவீதத்தில் வைப்பதா? இந்தக் கேள்வியோடு ஐந்து ஆய்வுகள் வெவ்வேறு நாடுகளில் நடந்தன. எதை எப்படி அளப்பது, கடைசியில் எப்படி ஒன்றாகச் சேர்ப்பது என்பதை முடிவுகள் தெரிவதற்கு முன்பே பேசி வைத்திருந்தார்கள். 2018இல், 28 வாரத்துக்கு முன் பிறந்த ஏறக்குறைய 5,000 குழந்தைகளின் தரவை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். இறப்பையும் பெரிய குறைபாட்டையும் சேர்த்து எண்ணியபோது தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. இறப்பைத் தனியாக எடுத்தபோது, குறைந்த அளவில் வைக்கப்பட்ட குழந்தைகளிடம் அது கூடுதலாக இருந்தது. குடல் அழற்சி நோயும் அவர்களிடம் கூடுதல். விழித்திரைப் பாதிப்புக்குச் சிகிச்சை தேவைப்பட்டது மட்டும் குறைவு. இப்படி ஒரு பக்கம் லாபம், ஒரு பக்கம் நட்டம் என்று பிரித்துப் பார்க்க ஒரு மருத்துவமனையின் எண்ணிக்கை எந்தக் காலத்திலும் போதாது.

குழு தொடங்கும் நாளிலேயே ஒரு புள்ளியியலாளரைக் கூப்பிடுங்கள். எங்களிலும் புதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள்.

குழந்தைகள் வார்டுச் செவிலியர், இப்போது ஆய்வுப் படிப்பில்

நீங்கள் கேட்டதற்கு என் பதில்: ஆய்வுக் கட்டுரையில் யார் யார் பெயர் வரும் என்பதை முதலிலேயே பேசித் தீர்த்தோம்.

இதற்கு முன் நான் வேலை செய்த ஓர் ஆய்வில், கங்காரு பராமரிப்பில் தாய் குழந்தையை நெஞ்சோடு எத்தனை மணி நேரம் வைத்திருந்தார் என்ற பதிவு முழுக்கச் செவிலியர்கள் எழுதியது. இரவு இரண்டு மணிக்குத் தாய் கழிப்பறைக்கு எழுந்து போனால் குழந்தையை வாங்கிக்கொண்டு நேரம் குறிப்பதும் நாங்கள், திரும்பி வந்ததும் மறுபடி குறிப்பதும் நாங்கள். கட்டுரை வெளியானபோது நன்றியுரையில் "வார்டு ஊழியர்கள்" என்று இரண்டு சொல் இருந்தது. வலித்தது. அந்த நேரக் குறிப்பு இல்லையென்றால் அந்தக் கட்டுரையே இல்லை.

பிறந்த உடனேயே கங்காரு பராமரிப்பைத் தொடங்கலாமா என்று உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா என்று ஐந்து நாடுகளில், 3,211 குழந்தைகள். முதல் 28 நாளில் இறப்பு, உடனே தொடங்கியவர்களில் 12 சதவீதம், உடல்நிலை சீரான பிறகு தொடங்கியவர்களில் 15.7 சதவீதம். 2021இல் வெளிவந்தது. அதில் உடனே தொடங்கிய குழந்தைகள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 17 மணி நேரம் நெஞ்சோடு இருந்தார்கள் என்று படிக்கும்போது, அந்த மணிகளைக் குறித்த கைகளைத்தான் நான் நினைக்கிறேன்.

புதிய குழுவில் சேரும்போது இதைத் தயங்காமல் சொன்னேன். வாதம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பங்களிப்பை 14 வகையாகப் பிரித்துச் சொல்லும் முறை ஒன்று ஆய்விதழ்களில் இருக்கிறதே, அதை ஒரு தாளில் எடுத்துவந்து யார் எதைச் செய்யப்போகிறோம் என்று முதல் மாதத்திலேயே பெயர் எழுதினோம். வேலை மாறினால் தாளும் மாறும். கட்டுரைகளில் முதல் பெயர் சுழற்சி முறையில் வரும். தரவு சேகரித்தவர்கள் வரைவைப் படித்துத் திருத்தி, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தரவும் வாய்ப்புக் கொடுக்கிறோம். அப்படிச் செய்தால்தான் அவர்களை ஆசிரியர்களாகச் சேர்ப்பது விதிப்படியும் நியாயமாகும். மூத்தவர்கள் யாராவது கடைசி நேரத்தில் ஒரு பெயரைச் சேர்க்கச் சொன்னால், அந்தத் தாளைக் காட்டினால் போதும். இளையவர்கள் வாயால் மறுக்க முடியாததைத் தாள் மறுத்துவிடுகிறது.

குழந்தை அறுவை சிகிச்சை பயிற்சியாளர்

அக்கா எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

எங்கள் துறையில் தனியாக ஆய்வு செய்ய நினைத்தாலும் முடியாது. குடல் வெளியே சரிந்த நிலையில் பிறக்கும் குழந்தைகள், உணவுக்குழாய் இணையாமல் பிறப்பவர்கள் எல்லாம் ஒரு மருத்துவமனைக்கு ஆண்டில் விரல்விட்டு எண்ணும் அளவுதான் வருவார்கள். 2021இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கூட்டாய்வு எனக்குப் பெரிய தைரியம் கொடுத்தது. 74 நாடுகள், 264 மருத்துவமனைகள். செரிமானப் பாதையில் பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளில் இறப்பு, ஏழை நாடுகளில் 39.8 சதவீதம், நடுத்தர வருமான நாடுகளில் 20.4, பணக்கார நாடுகளில் 5.6. பிறந்த இடத்தைப் பொறுத்து ஒரு குழந்தையின் உயிர் இப்படி ஊசலாடுவதை அதற்கு முன் இத்தனை தெளிவாக நான் எங்கும் பார்த்ததில்லை. ஒவ்வொரு மருத்துவமனையும் ஒரு மாதத் தரவு கொடுத்தாலே சேர முடிந்தது. பயிற்சியில் இருப்பவரால் அது முடிகிற காரியம். அந்த அளவை நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம்: யாரிடமும் ஒரு மாதத்துக்கு மேல் கேட்பதில்லை.

சமூக ஊட்டச்சத்துத் திட்டத்தில் களப்பணி

சுருக்கமாக ஒன்று. எங்கள் கூட்டங்களில் மருத்துவர்களின் பணி முடியும் நேரம்தான் கூட்ட நேரமாக இருந்தது. அந்த நேரத்தில் நான் வீடு வீடாகக் குழந்தைகளின் எடையும் கைச்சுற்றளவும் எடுத்துக்கொண்டிருப்பேன். கேட்ட உடனே மாற்றினார்கள். அதற்குப் பிறகுதான் வார்டிலிருந்து வீட்டுக்குப் போன குழந்தைகள் என்ன ஆனார்கள் என்ற கேள்வியே அந்தக் குழுவுக்குள் வந்தது.

பச்சிளங்குழந்தைப் பிரிவு மருத்துவர்

எல்லோருக்கும் நன்றி. 14 வகைத் தாளை அடுத்த கூட்டத்தில் நாங்களும் நிரப்பப்போகிறோம்.

நெறிமுறைக் குழு அனுமதியை எப்படிச் சமாளித்தீர்கள் என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். ஒரே ஆய்வுத் திட்டத்தை எல்லா மருத்துவமனைகளுக்கும் பொதுவாக எழுதினோம். முதலில் அனுமதி வாங்கியவர், கமிட்டி கேட்ட கேள்விகளையும் தான் எழுதிய பதில்களையும் மற்றவர்களுக்கு அனுப்பினார். அடுத்தவர்களுக்கு அந்தக் கேள்விகளில் பாதி வரவே இல்லை, பதில் திட்டத்திலேயே இருந்ததால். பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை எண் எதுவும் வார்டை விட்டு வெளியே போகாது. வயதை நாள் கணக்கில் மட்டும் எழுதுகிறோம். எந்த எண் எந்தக் குழந்தை என்ற பட்டியல் அந்தந்த மருத்துவமனையின் பூட்டிய அலமாரியில் இருக்கிறது.

பயிற்சி முடிந்து ஆட்கள் இடம் மாறுவதுதான் இன்னும் கஷ்டம். ஒவ்வொரு மருத்துவமனையிலும் இரண்டு பேர் என்று வைத்திருக்கிறோம், ஒருவர் இறுதியாண்டு, மற்றவர் முதலாண்டு. மூத்தவர் கிளம்புவதற்கு முன் இளையவரோடு உட்கார்ந்து சில குழந்தைகளின் படிவத்தைச் சேர்ந்தே நிரப்ப வேண்டும். இதைவிட நல்ல வழி யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், உடனே எடுத்துக்கொள்கிறோம்.