புதுப்பிப்பு: ஜெர்மனி விசாவும் என் பட்டச் சான்றிதழும்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள், பட்டங்கள் பற்றிய ஜெர்மனியின் தகவல் தளமான அனபினில் என் பல்கலைக்கழகத்துக்கு எச்+ (அங்கீகாரம் பெற்றது என்ற குறி) இருக்கிறது, பட்டம் மட்டும் பட்டியலில் இல்லை, புளூ கார்டுக்கு (பட்டதாரிகள் அங்கே வேலை செய்து தங்குவதற்கான அனுமதி) என்ன செய்வது என்று. நீங்கள் சொன்னபடியே ஜெர்மனியின் பான் நகரிலுள்ள, வெளிநாட்டுக் கல்வியை மதிப்பிடும் அலுவலகமான இசட்ஏபியிடம் ஒப்பீட்டுச் சான்று (என் பட்டம் எந்த ஜெர்மன் பட்டத்துக்கு இணை என்று சொல்வது) கேட்டு விண்ணப்பித்தேன். கட்டணம் 208 யூரோ. நேற்று சான்று வந்துவிட்டது!

அலைச்சல் எல்லாம் பெயரில்தான். பட்டத்தில் ‘எஸ்’ என்ற இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர். இரண்டும் நான்தான் என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கி, பாஸ்போர்ட் நகலோடு இணைத்தேன். அதற்கே இரண்டு வாரம் போய்விட்டது. இனிஷியலோடு பட்டம் வாங்கியவர்கள் இதை முதலிலேயே முடித்துவிடுங்கள்.

சரி, அடுத்தது விசா நேர்காணல். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.