காபி வாசனைக்கு ஜன்னலைச் சாத்துகிறார்கள்: '1984' பற்றி ஒரு சந்தேகம்

கரிச்சான்:
கல்லூரியில் படித்தபோது ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவல் எனக்கு வேவு பார்க்கும் கதை. வீட்டுக்குள்ளேயே ஆளை வேவு பார்க்கும் டெலிஸ்கிரீன் திரை, தலைவர் பெரியண்ணன், அவ்வளவுதான். போன வாரம் நைட் ஷிப்டில் மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை கண்ணில் பட்டதெல்லாம் சாமான்கள். ஆறு வாரமாக ஒரே பிளேடுதான் என்று சகாவிடம் சொல்கிறான் நாயகன் வின்ஸ்டன். பொய். புது பிளேடு இரண்டைப் பதுக்கி வைத்திருக்கிறான். அவன் காதலி ஜூலியா, ஆளும் கட்சியின் மேல்தட்டான உள்கட்சிக்காரர்களின் காபித்தூளை ஒரு கிலோ கொண்டுவருகிறாள். வாசனை வெளியே போய்விடுமென்று ஜன்னலைச் சாத்துகிறார்கள்! காதலுக்காகச் சாத்தவில்லை, காபிக்காக.

என் சந்தேகம் இதுதான். ஜனத்தொகையில் சுமார் 85 சதவீதம் 'புரோல்'கள், கட்சியில் சேராத உழைக்கும் ஜனங்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் டெலிஸ்கிரீனே இல்லை. அப்படியானால் அந்த அரசு எதை வைத்து ஆள்கிறது? கண்காணிப்பை வைத்தா, இல்லாமையை வைத்தா?

பழைய பேப்பர்:
இல்லாமைதான். நாவலுக்குள்ளே, அரசின் எதிரி கோல்ட்ஸ்டைன் எழுதியதாக ஒரு புத்தகம் வரும் பகுதியைத் தாண்டிப் போய்விட்டீர்களா? நிறைய பேர் அங்கே பக்கம் தள்ளுவார்கள், நானும் தள்ளியவன்தான். அது சொல்வது இதுதான்: இயந்திரம் வந்தபின் எல்லோருக்கும் வயிறார வசதி கிடைத்துவிடும். கிடைத்தால் படிப்பான், யோசிப்பான், மேலே இருப்பவன் எதற்கு என்று கேட்பான். அதனால் உற்பத்தியைப் போரில் கொட்டி எரிக்கிறார்கள். முற்றுகையிட்ட ஊரில் ஒரு துண்டு குதிரைக்கறி வைத்திருப்பவன் பணக்காரன் என்று ஒரு உவமை வரும். என்ன, அந்தப் புத்தகத்தை எழுதியதில் தனக்கும் பங்குண்டு என்று உள்கட்சிக்காரன் ஓ'பிரையனே பிறகு சொல்கிறான்.

மாடிப்படி:
கணக்கோடு பார்க்க வேண்டுமா, 'ஹங்கர் கேம்ஸ்' நாவலை எடுங்கள். தலைநகர் குலுக்கல் போட்டுப் பிள்ளைகளைச் சாகும்வரை சண்டைபோட அனுப்பும் கதை. பன்னிரண்டு வயதில் குலுக்கலில் ஒரு சீட்டு, வருஷத்துக்கு ஒன்று கூடும். ஒரு ஆளுக்கு ஒரு வருஷத் தானியமும் எண்ணெயும் வேண்டுமென்றால் இன்னொரு சீட்டு. பழையது கழியாது. நாயகி காட்னிஸ் தனக்கு, அம்மாவுக்கு, தங்கைக்கு என்று வாங்கி வாங்கி, பதினாறு வயதில் 20. அவள் நண்பன் கேல் வீட்டில் ஐந்து பேர், பதினெட்டில் அவனுக்கு 42. மேயர் மகளுக்கு ஐந்து இருந்தால் அதிகம் என்று அவளிடமே குத்திக்காட்டுகிறான். தலைநகர்மேல் வர வேண்டிய கோபம் பக்கத்துத் தெருப் பெண்மேல் பாய்கிறது. அது அவனுக்கும் தெரியும். காட்டுக்குள் போனால் அதைச் சொல்லித்தான் கத்துவான்.

சொட்டு நீலம்:
எனக்கு உடன்பாடில்லை. 1932இல் வந்த ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நாவலின் உலக அரசில் யாருக்குமே பட்டினி கிடையாது. கடைசி வகுப்புக்கும் கவலையை மறக்கடிக்கும் சோமா மாத்திரை உண்டு. ஆனால் டெல்டா என்ற கீழ்வகுப்பின் எட்டு மாதக் குழந்தைகளைப் புத்தகத்தையும் பூவையும் நோக்கித் தவழ விட்டு, தொட்டதும் சைரன் அலற வைத்து, தரையில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். வயிறு நிறைந்தே இருக்கட்டும், ஆசையை மட்டும் அளவெடுத்துத் தைத்துவிட்டால் போதும்.

கரிச்சான்:
சொட்டு நீலம் சொல்வதும் சரிதான், ஆனால் அங்கே போக, மனிதரையே அளவெடுத்து உருவாக்கும் ஹக்ஸ்லியின் தொழிற்சாலை வேண்டும். நேற்று '1984'இல் ஓ'பிரையன் வீட்டுக் காட்சியை மட்டும் திரும்பப் படித்தேன். அவன் டெலிஸ்கிரீனை அணைக்கிறான், வின்ஸ்டன் வாயை அடக்க முடியாமல் 'அணைக்க முடியுமா!' என்று கேட்டுவிடுகிறான். அப்போ யாரும் பார்க்காமல் இருப்பதும் அங்கே காபி மாதிரி, பிளேடு மாதிரி ரேஷன் சாமான்தான். ஓ'பிரையனுக்கே அரை மணி நேரம்தான். அதற்குமேல் அணைத்து வைப்பது நல்லதில்லையாம்.

அப்புறம் ஒயின் ஊற்றிக் கொடுக்கிறான். வாழ்நாளில் முதல் தடவை. வின்ஸ்டன் ஆசையோடு விழுங்குகிறான், ஒன்றுமே இல்லை. வருஷக்கணக்காக அந்த மட்ட ஜின்னைக் குடித்துக் குடித்து நாக்கு செத்துப்போயிருக்கிறது.