பழைய ஆவண அறையைக் காக்க உங்கள் உதவி தேவை

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் பகுதியில் உள்ள அரசு ஆவண அறை ஒன்றை மூடிவிட்டு, அங்குள்ள கட்டுகளை வேறிடத்துக்கு அனுப்பப் போவதாகச் சொல்கிறார்கள். எழுத்துப்பூர்வமான ஆணை எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை. ஆனாலும் ஆணை வந்த பிறகு விழித்துக்கொள்வதில் பயனில்லை என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

1911 வரை சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த வட ஆற்காடு மாவட்டம், 1989இல் இரண்டாகவும், எஞ்சிய வேலூர் 2019இல் மூன்றாகவும் பிரிந்தது. ஒவ்வொரு பிரிவினையிலும் காகிதங்கள் இடம் மாறின. ஆம்பூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்கு இன்று பாட்டன் காலத்துச் செட்டில்மென்ட் பதிவேடோ (நிலத்துக்கு வரி நிர்ணயித்த பதிவேடு) இனாம் பதிவோ (வரிச் சலுகையுடன் மானியமாக விடப்பட்ட நிலத்தின் பதிவு) வேண்டுமென்றால், எந்த ஊர் அலுவலகத்தில் தேடுவது என்பதே முதல் சிக்கலாகிவிடுகிறது. எல்லாவற்றையும் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பினால் பாதுகாப்பாக இருக்கும் என்பவர்களின் வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நகலுக்காகக் கூலி வேலையை விட்டுச் சென்னைக்கு அலைபவரையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு அளிக்க உள்ளோம். அந்த அறையிலிருந்து எப்போதாவது நகல் பெற்றவர்கள், எதற்காகப் பெற்றீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டுகிறேன். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி விண்ணப்பித்து, இடமாற்றக் கோப்பின் நகலைக் கேட்கவும் ஒருவர் முன்வர வேண்டும். பழைய மராத்தி ஆவணங்களை எழுதப் பயன்பட்ட ‘மோடி’ என்னும் எழுத்து வாசிக்கத் தெரிந்தவர் யாரேனும் இருந்தால், அவசியம் தெரிவியுங்கள்.